மட்கார்டு

இருக்கை: ஒன்று.
டிராக்டரின் பதிவுச் சான்றிதழில் அப்படித்தான் இருக்கிறது.
எனக்கு அந்த வேலை வந்ததே அந்த ஒற்றை வரியால்.
இன்சூரன்ஸ் கம்பெனி தருவது
அறிக்கைக்கு மூவாயிரத்து ஐநூறு,
பெட்ரோல் தனி.

மன்னார்குடிக்குக் கிழக்கே, கோரையாற்றுக் கரை.
கதிர் பால் பிடிக்கும் மார்கழி.
டேப்பை விரித்தேன்.
கரை அகலம் ஒன்பதடி இரண்டங்குலம்.
சரிந்தது நாலடி.
வண்டி கவிழ்ந்த பள்ளத்தில்
ஐப்பசியில் சிதறிய நாற்றுமுடி ஒன்று
யாரும் நடாமலே வேர்பிடித்து நின்றது.
அதுவும் பால் பிடித்திருந்தது.
அளவில் அதைச் சேர்க்கவில்லை.

இறந்தவர் குணசீலன்.
ஆதாரின்படி பிறந்தது ஜனவரி ஒன்று,
அந்தத் தெருவில் பாதிப் பேரைப் போல.
பள்ளிச் சான்றிதழோ ஒரு வயதைக் குறைக்கிறது.
முப்பத்தைந்து என்றால் பெருக்கும் எண் 197.06
முப்பத்துநான்கு என்றால் 199.40
பாதிச் சம்பளத்தை இதால் பெருக்க வேண்டும்.
பெருக்கிப் பார்த்தேன்:
அந்த ஒரு பிறந்தநாளின் விலை
பதினேழாயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
கம்பெனிக்கு ஆதாரே போதும் என்றார்கள்.

வண்டிக்காரர் திருநாவுக்கரசு
"அவன் என் ஆளே இல்ல சார்" என்றார் முதல் நாள்.
கட்டப்போவது கம்பெனி என்று
வக்கீல் சொல்லி அனுப்பியபின்
"பத்து வருஷமா என் ஆளுதான் சார்,
தம்பி மாதிரி" என்றார்.
வருகைப் பதிவேடு கேட்டேன்.
அப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.
டீக்கடையில்தான் கிடைத்தது,
அவர் பற்றுக் கணக்கில், அந்தத் தேதிக்கு நேரே:
குணா, ரெண்டு டீ, ஒரு வடை.
படமெடுத்துக்கொண்டேன்.
அன்று அவன் வேலையில் இருந்தான் என்பதற்கு
எழுத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த வடை.

மழை பிடித்துக்கொண்டது.
களிமண்ணில் என் பைக் கால் ஊன்றிவிட்டது.
பின்னால் வந்த டிராக்டர்க்காரர்
கேட்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார்.
ஏறி உட்கார்ந்தேன்,
சக்கரத்துக்கு மேலே, தகரத்தில்.
ஒரு கையில் ஃபைல்.
இன்னொரு கை தானாகப் போய்ப் பிடித்தது
ஒரு வளைந்த கம்பியை.
தேய்ந்து பளபளத்த கம்பி.
கம்பெனியிலிருந்து இது வராது.
லேத்துப் பட்டறையில் நூற்றைம்பது ரூபாய்க்குப்
பற்றவைத்துத் தருவார்கள்.
கவிழ்ந்த வண்டியிலும் பார்த்திருந்தேன்
இதே இடத்தில் இதே வளைவை.
ஒரே இருக்கை உள்ள வண்டியில்
இரண்டாவது ஆளுக்கு ஒரு கைப்பிடி.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன்.
கம்பெனி வக்கீல் சத்தியகலாவைக் கேட்டார்:
"டிரைவரைத் தவிர யாரும் உட்காரக்கூடாதுன்னு
உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"
"தெரியும்."
"தெரிஞ்சும் ஏன் அங்க உட்கார்ந்தார்?
பின்னாடி டிரெய்லர் இருந்துச்சே."
"அதுல நாத்து இருந்துச்சு.
நாத்து மேலயா உட்காருவாங்க?"

தட்டச்சு செய்தவர் நிமிர்ந்து
ஆணையரைப் பார்த்தார்:
"ஐயா, இதைப் பதில்னு அடிக்கவா,
கேள்வின்னு அடிக்கவா?"
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"அப்படியே அடிங்க" என்றார் ஆணையர்.

உத்தரவு வந்தது:
முதலில் கம்பெனி கட்டட்டும்,
பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.
கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.
திருநாவுக்கரசும் போயிருக்கிறார்.
அறுவடை ஆகி, குறுவையும் விதைத்தாயிற்று.
சத்தியகலாவுக்கு வருவதெல்லாம்
வாய்தா தேதிகள்.

இரு தரப்பும் மேற்கோள் காட்டுவது
என் அறிக்கையின் பத்தாவது பத்தியை.
அதில் கைப்பிடியைப் பற்றி எழுதியிருக்கிறேன்,
நீளம், வளைவு, பற்றவைத்த தடம் எல்லாம்.
அதைப் பிடித்துக்கொண்டு
நான் வந்ததை எழுதவில்லை.

பெட்ரோல் கணக்கில் மட்டும்
அந்த நாலு கிலோமீட்டரையும்
சேர்த்துப் போட்டிருந்தேன்.
பாஸ் ஆகிவிட்டது.